பாட்டு இறக்கியதற்கு நோட்டீஸ் வந்த அனுபவம் யாருக்காவது உண்டா?

கோவில்பட்டிக்காரன்:

2007 மார்ச் மாதம். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். இரண்டாவது செமஸ்டர் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் லேபில் இருந்தபோது மாணவர் நல அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. இணைப்பில் ஒரு வக்கீல் அலுவலகத்தின் கடிதம். இசைக் கம்பெனிகள் சிலவற்றின் சார்பில் எழுதியிருந்தார்கள். அதில் என் பெயர் இல்லை. ஓர் ஐ.பி. முகவரி (இணையத்தில் ஒரு கணினியை அடையாளம் காட்டும் எண்), தேதி, நொடி வரைக்கும் நேரம், நான் பாட்டு இறக்கப் பயன்படுத்திய லைம்வயர் என்ற மென்பொருளின் பெயர், அவ்வளவுதான். இருபது நாளுக்குள் சமரசத்துக்கு வந்தால் குறைந்த தொகையோடு முடித்துக்கொள்ளலாம், வராவிட்டால் வழக்கு என்று எழுதியிருந்தது.

தொகை 3,000 டாலர். எனக்கு ஆர்.ஏ. (ஆராய்ச்சி உதவியாளர்) சம்பளம் மாதம் 1,100. நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு இருந்தோம்.

அன்று ராத்திரி லேப்டாப்பைத் திறந்து ஃபோல்டரை எண்ணினேன். 900 பாட்டுக்கு மேல் இருந்தது. முக்கால்வாசி இளையராஜா. ஊர் ஞாபகம் வந்தால் கேட்பதற்காகச் சேர்த்தவை. அவற்றைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. ரூம்மேட் பிறந்தநாளுக்காக இறக்கிய 14 ஆங்கிலப் பாட்டுகள்தான் பிரச்சினை. இன்னொன்றும் அன்றுதான் புரிந்தது. நான் பாட்டு இறக்கியதாக மட்டும்தான் நினைத்திருந்தேன். இறக்கியது எல்லாம் தானாகவே ஷேர்டு ஃபோல்டரில் போய் உட்கார்ந்து, உலகத்தில் யார் கேட்டாலும் என் கணினியிலிருந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது. வழக்கு அதற்குத்தான்.

திருச்சிக்கார சீனியர் அண்ணன் ஒருவர் மாணவர்களுக்கான இலவச சட்ட உதவி மையத்துக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்த வக்கீல் அம்மா ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். அமெரிக்கச் சட்டப்படி பாட்டு ஒன்றுக்குக் குறைந்தது 750 டாலர், வேண்டுமென்றே செய்ததாக நிரூபித்தால் 1,50,000 வரை போகலாம். 14 பாட்டுக்குக் குறைந்தபட்சமே 10,500. "இது சிவில் விவகாரம், போலீஸ் கேஸ் இல்லை, விசாவை நினைத்து நடுங்காதே" என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நாலு பேரிடம் கடன் வாங்கிக் கட்டினேன். பணம் கட்ட ஒரு இணையப் பக்கமே வைத்திருந்தார்கள், கிரெடிட் கார்டு நம்பர் போட்டால் முடிந்தது. கடனை அடைக்க ஒன்றரை வருஷம் ஆனது. அம்மாவிடம் இன்று வரை சொல்லவில்லை.

நான் செய்தது தப்புதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த 3,000 டாலரில் பாடியவருக்கு, வாசித்தவருக்கு எவ்வளவு போயிருக்கும் என்ற கேள்வி மனசை விட்டுப் போகவே இல்லை. உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

நெட்வொர்க் பழையவன்:

தம்பி, உங்களுக்கு வந்த மாதிரிக் கடிதம் எங்கள் பக்கம் வந்தால் அதை உரிய ஆளிடம் சேர்க்கும் வேலையில் நான் இருந்தேன். வேறொரு பல்கலைக்கழகத்தில் நெட்வொர்க் பிரிவு. கம்பெனிகள் அமர்த்திய ஆட்கள் சாதாரணப் பயனர் போலவே உள்ளே வந்து, யாருடைய ஃபோல்டர் திறந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். சில பாட்டுகளை இறக்கிப் பார்த்துவிட்டு முகவரியையும் நேரத்தையும் குறித்து அனுப்புவார்கள். அந்த நேரத்தில் அந்த முகவரி எந்த மாணவரின் கணினிக்குக் கொடுக்கப்பட்டிருந்தது என்று லாக் என்ற கணினிப் பதிவைப் பார்த்துச் சொல்ல வேண்டியது நாங்கள்.

ஒரு தடவை கடிதத்தில் கிரீன்விச் நேரம் போட்டிருந்ததை நான் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொண்டேன். வந்த பெயர் ஒரு முதலாம் ஆண்டுப் பெண். அனுப்புவதற்கு முன்னால் சும்மா இன்னொரு முறை சரிபார்க்கப் போய்த்தான் தப்பு தெரிந்தது. அவள் கைக்கு அந்தக் கடிதம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கை சில்லிடுகிறது. அதற்கப்புறம் ஒவ்வொன்றையும் மூன்று தடவை பார்த்தேன்.

பின்னணி தெரியாதவர்களுக்காக: அமெரிக்க இசைக் கம்பெனிகளின் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. முதலில் நாப்ஸ்டர் என்ற பாட்டுப் பகிர்வுச் சேவை மேல் வழக்குப் போட்டது. 2001-இல் நாப்ஸ்டர் மூடப்பட்டது. கூட்டம் அப்படியே காசா (Kazaa) என்ற மென்பொருளுக்கும் அது போன்ற மற்றவற்றுக்கும் நகர்ந்தது. அவற்றில் மூடுவதற்கு நடுவில் ஒரு சர்வர் இல்லை. 2003 செப்டம்பர் 8 அன்று சங்கம் தனி மனிதர்கள் மேல் திரும்பியது, ஒரே நாளில் 261 வழக்கு. அதில் ஒருத்தி நியூயார்க்கில் அரசுக் குடியிருப்பில் இருந்த 12 வயதுச் சிறுமி. அவள் அம்மா 2,000 டாலர் கட்டினார். 2007 பிப்ரவரி கடைசியில் 13 பல்கலைக்கழகங்களுக்கு 400 கடிதங்கள் போயின. உங்களுக்கு வந்தது அந்த வரிசைதான் என்று நினைக்கிறேன். அதே வருஷம் அக்டோபரில் மினசோட்டாவில் ஒரு பெண் சமரசம் வேண்டாம் என்று ஜூரி முன்னால் போனார். 24 பாட்டுக்கு 2,22,000 டாலர் என்று தீர்ப்பு. மறு விசாரணையில் அது 19,20,000 ஆகி, பல சுற்றுக்குப் பிறகு 2012-இல் மேல்முறையீட்டில் மறுபடியும் 2,22,000-இல் வந்து நின்றது.

இப்படி சுமார் 35,000 பேரைத் தொட்ட பிறகு, 2008 டிசம்பரில் மொத்தமாக வழக்குப் போடுவதை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தார்கள். என் அனுபவத்தைக் கேட்டால், கடிதம் வந்த வாரம் விடுதியின் இணையப் பயன்பாட்டைக் காட்டும் வரைபடக் கோடு கீழே இறங்கும், பதினைந்து நாளில் பழைய இடத்துக்கே வந்துவிடும். மாணவர்கள் என்னிடம் கேட்டது வேறு. "ஐடியூன்ஸில் 99 சென்ட் கொடுத்து வாங்கினேன் சார், வேற பிளேயரில் ஏன் ஓட மாட்டேங்குது?" ஆப்பிள் கம்பெனி தன் ஐடியூன்ஸ் கடைப் பாட்டுகளில் போட்டிருந்த அந்தப் பூட்டை எடுத்தது 2009-இல்தான். இதை ஐந்து வருஷம் முன்னாலேயே செய்திருந்தால் உங்களுக்கு அந்தக் கடிதம் வர வேண்டிய அவசியமே இருந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தஞ்சை செல்போன் கடை:

எனக்கு இந்த டாலர் கதை எல்லாம் புதுசு. 2009-லிருந்து 2013 வரை பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருந்தேன். ரீசார்ஜ், கவர், அப்புறம் "மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்" என்று போர்டு. 2 ஜிபி கார்டு நிறைய ஏற்ற 40 ரூபாய். வயல் வேலைக்குப் போகிறவர்கள், டிரைவர்கள், கொத்தனார்கள் என்று சாயங்காலமானால் வரிசை நிற்கும். வீட்டில் கணினி இல்லாத அவர்களுக்கு இணையம் என்றால் என் கடைதான்.

2012-இல் கொல்கத்தா உயர் நீதிமன்றம் 104 பாட்டுத் தளங்களை முடக்கச் சொன்னது. அந்த வாரம் நான் வழக்கமாக இறக்குகிற தளம் திறக்கவில்லை. பத்து நாளில் பெயரில் ஒரு எழுத்து மாறி அதே தளம் வந்தது. ஆனால் தளத்தை நடத்துகிறவர் எங்கேயோ இருக்க, போலீஸ் வந்தது கடைக்கு. பக்கத்துக் கடைப் பையனின் ஹார்ட் டிஸ்கை எடுத்துப் போனார்கள், மூன்று மாதம் கோர்ட்டுக்கு அலைந்தான். கடைகளுக்கு லைசென்ஸ் உண்டு என்று கேள்விப்பட்டு நான் விசாரித்தேன். பணம் கட்டத் தயாராகத்தான் இருந்தேன். யாரிடம் கட்ட வேண்டும், கட்டினால் எந்தெந்தப் படத்துப் பாட்டுக்கு அது செல்லும் என்று தெளிவாகச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் போர்டைக் கழற்றிவிட்டேன்.

கேசட் வீட்டு மகள்:

எல்லாவற்றையும் படித்தேன். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும்.

அப்பா சின்னதாக ஒரு கேசட் கம்பெனி நடத்தினார். அம்மன் பாட்டு, வில்லுப்பாட்டு, ஒப்பாரி. ஆடி மாசம் கோயில் திருவிழாக்களில் விற்பதுதான் வருஷ வருமானம். பாடுகிறவர்களுக்கு ரெக்கார்டிங் அன்றைக்கே ஒரு தொகை கொடுத்துவிடுவார், அதோடு கணக்கு முடிந்தது. அது நியாயமா என்று கேட்டால் இப்போது எனக்குத் தயக்கம் இருக்கிறது. அன்று எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

எம்.பி.3 சிடி வந்தபோது 150 பாட்டு 30 ரூபாய் என்று திருவிழாக் கடையிலேயே எங்கள் பாட்டுகள் கிடைத்தன. பிறகு தளங்களில் வந்தன. பெரிய கம்பெனிகள் நீதிமன்றம் போய் 104 தளங்களின் பட்டியல் வாங்கியதாகச் செல்போன் கடை அண்ணன் எழுதியிருக்கிறார். எங்களுக்கு வக்கீலுக்குக் கொடுக்கவே பணம் கிடையாது. நான் பிளஸ் டூ படிக்கும்போது அப்பா சொல்லச் சொல்ல ஒரு தளத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன், பாட்டை எடுத்துவிடுங்கள் என்று. பதிலே வரவில்லை. 2011-இல் கம்பெனியை மூடினோம். விற்காத கேசட் பதினோரு அட்டைப்பெட்டி பரணில் ஏறியது.

அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால், எங்களிடம் ஒப்பாரி பாடிய ஒரு பாட்டி வீட்டுக்கு வந்தார். மினி பஸ்ஸில் டிரைவர் பென்டிரைவில் தன் பாட்டைப் போட்டதாகவும், பஸ்ஸில் இருந்தவர்களிடம் "அது நான்தான்" என்று சொன்னதாகவும், நடத்துநர் டிக்கெட் காசு வாங்கவில்லை என்றும் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார். அப்பாவுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நாலு கிலோமீட்டர் நடந்து வந்திருக்கிறார். அப்பா பரணைப் பார்த்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, பாட்டிக்குக் காபி போடச் சொன்னார்.