கீழ் அடுக்குக் கிளப்புகளை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்களேன்

லண்டன் டூட்டிங்கிலிருந்து:

இங்கிலாந்துக் கால்பந்தின் முதல் அடுக்கான பிரீமியர் லீக் பற்றிப் பேச ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. அதற்குக் கீழே மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது அடுக்கில் ஆடும் கிளப்புகளை நேரில் போய்ப் பார்த்தவர்கள் எழுதுங்கள். சனிக்கிழமை மதியம் மூன்று மணி ஆட்டங்களை இங்கே டிவியில் நேரலையாகக் காட்ட விடமாட்டார்கள். பார்க்க வேண்டுமென்றால் போய்த்தான் ஆக வேண்டும்.

நான் போவது ஏ.எஃப்.சி. விம்பிள்டனுக்கு. டூட்டிங் தமிழ்க் கடைகளிலிருந்து நடந்தே போய்விடலாம். மகன் பள்ளித் தோழனோடு போகத் தொடங்கியபோது துணைக்குப் போனவன், இப்போது அவன் வராவிட்டாலும் போகிறேன்.

கதை தெரியாதவர்களுக்கு: 1988-இல் லிவர்பூலை 1-0 என்று வென்று, நாட்டின் பெரிய நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியது பழைய விம்பிள்டன் கிளப். அந்தக் கிளப்பை வேறு ஊரான மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக 2002 மே மாதம் மூன்று பேர் கொண்ட குழு ஒன்று அனுமதி கொடுத்தது. இரண்டு பேர் சரி என்றார்கள், ஒருவர் வேண்டாம் என்றார். ஒரு ஊரின் கிளப் அப்படிப் போய்விட்டது. அதே கோடையில் ரசிகர்கள் விம்பிள்டன் காமன் புல்வெளியில் ஆள் எடுப்பு நடத்தி, புதுக் கிளப் தொடங்கி, ஒன்பதாவது அடுக்கில் ஆடப் போய்விட்டார்கள். 2011-இல் லீகுக்குள், அதாவது மேல் நான்கு அடுக்குகளுக்குள், வந்தாயிற்று. 2020 நவம்பரில் பிளவ் லேனிலேயே, பழைய மைதானம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், புது மைதானம். கிளப்பில் பெரும்பங்கு இன்றும் ரசிகர்கள் கையில்தான்.

என் பக்கத்து இருக்கைக்காரர் எழுபதைத் தாண்டியவர். மில்டன் கீன்ஸ் கிளப்பின் பெயர் அவர் வாயில் வராது, "அந்தக் கூட்டம்" என்பார். 2024 செப்டம்பரில் வாண்டில் ஆறு பெருகி மைதானத்துக்குள் புகுந்து, ஆடுகளத்தில் ஒரு இடத்தில் தரையே உள்வாங்கிவிட்டது. நியூகாசிலோடு இங்கே நடக்க இருந்த லீக் கோப்பை ஆட்டத்தை நியூகாசிலுக்கே மாற்றினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அவரோ, "குழிதானே, மூடிவிடலாம்" என்றார். அந்த சீசன் முடிவில் வெம்பிளியில் வால்சாலை 1-0 என்று வென்று மூன்றாவது அடுக்குக்கு ஏறினோம். அன்றைக்கும் அவர் பெரிதாகக் குதிக்கவில்லை. சாண்ட்விச்சைப் பிரித்துச் சாப்பிட்டார்.

லூட்டனிலிருந்து:

அண்ணை, உங்கள் மைதானம் புதுசு. எங்கள் கெனில்வொர்த் ரோட்டை ஒருக்கா வந்து பாருங்கள். வெளியூர் ரசிகர்களுக்கான வாசல் ஓக் ரோட்டில் வரிசை வீடுகளுக்கு நடுவில் இருக்கிறது. கவென்ட்ரி ரசிகரான சிநேகிதரோடு அந்தப் பக்கத்தால் போனேன். இரண்டு வீட்டு முன்கதவுகளுக்கு இடையில் நுழைந்து, இரும்புப் படியில் ஏறினால், கீழே ஆட்களின் பின்வளவு. கொடியில் உடுப்பு காய்கிறது, ஒருவர் நாய்க்குச் சாப்பாடு வைக்கிறார், எங்களை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மாமியார் வீட்டுக்குப் பின்வாசலால் போவது மாதிரித்தான் இருந்தது.

இந்த இடத்துக்குத்தான் 2023-இல் பிரீமியர் லீக் வந்தது. மைதானத்தைத் தயார்ப்படுத்தி முடியவில்லை என்று முதல் ஹோம் ஆட்டத்தையே தள்ளிவைத்தார்கள்.

ஆனால் அதற்கு முன்னம் பட்ட பாடு கொஞ்சமில்லை. 2008-09 சீசனை லூட்டன் மைனஸ் 30 புள்ளியோடு தொடங்கியது. பழைய நிர்வாகம் ஏஜென்டுகளுக்குப் பணம் கொடுத்த விதத்துக்குப் பத்து, கடன் தீர்க்கும் ஒப்பந்தம் இல்லாமல் திவால் நிர்வாகத்திலிருந்து வெளியே வந்ததற்கு இருபது. தவறு செய்தவர்கள் போய்விட்டார்கள், தண்டனை மட்டும் நின்றவர்களுக்கு. லீகை விட்டே இறங்கி ஐந்து சீசன் வெளியில் கிடந்தார்கள். அந்த ஐந்தாவது அடுக்குக் காலத்தில் வந்து சேர்ந்த பெல்லி-ரடக் ம்பான்சு என்ற நடுக்களக்காரன், அதே கிளப்போடு ஒவ்வொரு அடுக்காக ஏறிப் பிரீமியர் லீகிலும் ஆடினான். என் பிள்ளைகளுக்கு நட்சத்திர ஆட்டக்காரன் ஹாலண்டைவிட அவனைத்தான் பிடிக்கும்.

பிறகு? 2024-இல் ஒரு இறக்கம், 2025-இல் இன்னொன்று. திரும்பவும் மூன்றாவது அடுக்கு. உதைபந்தாட்டம் என்றால் அப்படித்தான் என்று கடைக்கார ஐயா சொல்கிறார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

மான்செஸ்டர் பக்கமிருந்து:

நீங்கள் ஏறினீர்கள், இறங்கினீர்கள். பரி ஊரில் கிளப்பே இல்லாமல் போனதை நான் பார்த்தேன்.

அப்போது படிப்புக்காக வந்து பரியில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். 1885-இல் தொடங்கிய கிளப். இரண்டு முறை எஃப்.ஏ. கோப்பை வென்றது; 1903 இறுதியாட்டத்தில் டார்பியை 6-0 என்று வென்றதை 2019-இல் மான்செஸ்டர் சிட்டி வந்துதான் சமன் செய்தது. 2018 கடைசியில் ஒரு பவுண்டுக்குக் கிளப் கைமாறியது. ஒரு பவுண்டு! அடுத்த வசந்தத்தில் மூன்றாவது அடுக்குக்கு முன்னேறினார்கள். களத்தில் வெற்றி, ஆனால் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் ஒழுங்காக வரவில்லை. கையில் இல்லாத காசை நம்பி மேலே ஏறும் ஆசை இப்படித்தான் முடியும் என்று எனக்கு அறை கொடுத்த வீட்டுக்காரம்மா முன்பே சொல்லிக்கொண்டிருந்தார்.

2019 ஆகஸ்ட் 27 அன்று அவர்கள் மைதானமான கிக் லேன் பக்கம் போனேன். வாங்க ஆள் வந்துவிட்டார்கள், சனிக்கிழமை ஆட்டம் நடக்கும் என்று ஒரு பேச்சு. அதை நம்பி, ஊர்க்காரர்கள் துடைப்பமும் வாளியுமாக வந்து இருக்கைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சின்னப் பையன்களெல்லாம் ஈரத்துணியோடு வரிசை வரிசையாகத் துடைத்தார்கள். என் கையிலும் ஒரு துணியைக் கொடுத்துவிட்டார்கள். அன்று இரவே லீகிலிருந்து நீக்கப்பட்டதாக அறிவிப்பு. துடைத்த இருக்கைகளில் உட்கார்ந்து பரியின் ஆட்டம் பார்க்க 2023 வரை காத்திருந்தார்கள், அதுவும் ஒன்பதாவது அடுக்கு ஆட்டம். 2025-இல் அங்கிருந்து ஒரு படி ஏறியிருக்கிறார்கள்.

ரெக்ஸம் போய்வந்த கோவைக்காரன்:

எல்லோரும் பணக்கார முதலாளியையே திட்டுகிறீர்கள். செஸ்டரில் வேலையாக இருந்தபோது ரெக்ஸம் போனேன். வேல்ஸ் ஊர்தான், ஆடுவது இங்கிலாந்து லீகில். 2021-இல் இரண்டு ஹாலிவுட் நடிகர்கள் வாங்கினார்கள். 2023, 2024, 2025 என்று மூன்று வருடம் வரிசையாக முன்னேற்றம். இந்த மட்டத்தில் இதற்கு முன் யாரும் செய்ததில்லை. மைதானத்தை ஒட்டிய டர்ஃப் பப்பில் கனடாக்காரர், ஆஸ்திரேலியாக்காரர் எல்லாம் நிற்கிறார்கள். ஊருக்கு நல்லதுதானே?

2023 ஏப்ரலில் நாட்ஸ் கவுன்ட்டியோடு நடந்த ஆட்டம் ஒன்று போதும். 3-2 முன்னிலை, கடைசி நிமிடத்தில் எதிரணிக்குப் பெனால்டி, ஓய்விலிருந்து திரும்பி வந்த 40 வயது கோல்கீப்பர் பென் ஃபாஸ்டர் தடுத்தார். அந்த சீசனில் ரெக்ஸம் 111 புள்ளி, நாட்ஸ் கவுன்ட்டி 107. ஐந்தாவது அடுக்கில் நேரடியாக ஏற ஒரே இடம்தான் என்பதால் 107 எடுத்தவர்களும் பிளே-ஆஃப் என்ற கூடுதல் தகுதிச் சுற்று ஆடித்தான் மேலே வந்தார்கள். அந்த விதியைத் திட்டுங்கள், சேர்ந்துகொள்கிறேன்.

மான்செஸ்டர் பக்கமிருந்து, மறுபடி:

ரெக்ஸமுக்கு நல்ல ஆள் அமைந்தது, சந்தோஷம். அந்த நடிகர்களுக்கு முன் லீகுக்கு வெளியே கிடந்த காலத்தில் அந்தக் கிளப்பைக் காப்பாற்றி வைத்திருந்தது ரசிகர்கள்தான். 2011-இலிருந்து அவர்கள் கையில்தான் இருந்தது. அதைக் கொஞ்சம் சொல்லுங்கள். ஆள் சரியில்லாவிட்டால் என்ன செய்வது என்பதற்குத்தான் 2025-இல் சட்டம் போட்டுத் தனி ஒழுங்குமுறை அமைப்பு கொண்டுவந்திருக்கிறார்கள். பரிக்கு ஆறு வருடம் தாமதம்.

கிளீதோர்ப்ஸிலிருந்து:

சண்டை போதும். எங்கள் கிரிம்ஸ்பி டவுனின் மைதானம் கிரிம்ஸ்பியில் இல்லை, பக்கத்தில் கிளீதோர்ப்ஸில், கடலை ஒட்டி. குளிர்காற்றில் காது விழுந்துவிடும். மீன்பிடித் துறைமுக ஊர் என்பதால் ரசிகர்கள் காற்றடைத்த பிளாஸ்டிக் மீனோடு வருவார்கள். எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள், குழந்தை அதை வைத்துத்தான் குளிக்கிறாள்.

2025 ஆகஸ்ட் 27, லீக் கோப்பை, எதிரே மான்செஸ்டர் யுனைடெட். நாம் நான்காவது அடுக்கு. 2-0 முன்னிலை எடுத்து, 2-2 ஆகி, பெனால்டியில் 12-11. கடைசியாக யுனைடெட்டின் எம்பூமோ அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டதும், எனக்கு முன்னால் நின்ற பெரியவர் தன் மீனை மைதானத்துக்குள் வீசிவிட்டு, உடனே அதைத் தேடி இறங்கினார்.

அப்புறம் ஒரு வேடிக்கை. அன்று மாற்று ஆட்டக்காரராக இறங்கியவரின் பதிவுத்தாள், கணினிக் கோளாறாம், நண்பகல் கெடுவுக்கு இரண்டு நிமிடத்துக்கும் குறைவான தாமதத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது. கிளப்பே அதைச் சொல்லிவிட்டது. 20,000 பவுண்டு அபராதம், பாதி நிறுத்திவைப்பு. இத்தனைக்கும் அவர் அடித்த பெனால்டியை யுனைடெட் கோல்கீப்பர் தடுத்துவிட்டார்.