சாலையோரத்து ராட்சத மாடலுக்குத் தமிழில் என்ன பெயர்?

மொழிபெயர்ப்பாளர், முதலியார்பேட்டை:

குழுவினருக்கு வணக்கம். தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். வெளிப்புற விளம்பர அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன். விளம்பரப் பலகையை விட்டுத் துருத்தி நிற்கும் ஆளுயரத் தேநீர்க் கோப்பை, கடை மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கும் குக்கர், சுற்றிவந்து பார்க்கக்கூடிய சோப்புக்கட்டி இவற்றுக்கெல்லாம் ஒரு பொதுச்சொல் வேண்டும். 'கட்-அவுட்' ஆகாது, அது தட்டை. இப்போதைக்கு 'முப்பரிமாண மிகைப்பெரு விளம்பர உருப்படி' என்று எழுதி வைத்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் எனக்கே மூச்சு வாங்குகிறது. எந்தச் சொல்லைத் தந்தாலும் இந்த வாக்கியத்தில் பொருத்திப் பார்த்துத் தாருங்கள்: "____ நிறுவும் முன் காற்றின் வேகத்தைக் கணக்கில் கொள்க."

ஓய்வு பெற்ற தமிழாசிரியர், மஞ்சக்குப்பம்:

கந்திற்பாவை. சம்பாபதி கோயில் தூணில் இருந்தபடியே மணிமேகலைக்குப் பழம்பிறப்பும் இனி வருவதும் உரைத்த பாவை. தூணில் நிற்கிறது, உருவம் உடையது, வந்தவரிடம் பேசுகிறது. விளம்பரத்துக்கு வேறு என்ன இலக்கணம்? கந்து என்பது யானை கட்டும் தறி. தெய்வம் உறையும் தூணும் அதுவே. 'கந்துடை நிலையினும்' என்று திருமுருகாற்றுப்படை சொல்லும். அங்கிருந்து நடுகல், கொடிமரம் வரை ஒரு தொடர்ச்சி உண்டு. தனி மடலில் விரித்து எழுதுகிறேன்.

அச்சகத்தார், நேரு வீதி:

ஐயா, மன்னிக்க வேண்டும். 'கந்து' என்றதும் எங்கள் கடைவீதியில் எவருக்கும் நினைவு வருவது வட்டிதான். விளம்பரம் கொடுக்க வந்தவர் எழுந்து போய்விடுவார்.

கல்லூரி விரிவுரையாளர், பண்ருட்டி:

'பேருரு' போதுமே. பெருமை + உரு. ஈறு போதல், ஆதி நீடல்: 'மை' போய், 'பெ' 'பே' ஆகிறது. நன்னூல் படித்த மாணவனுக்குப் பிரித்தவுடன் பொருள் விளங்கும்.

தமிழாசிரியர், மஞ்சக்குப்பம்:

பேருரு எடுத்தவன் திருமால். குக்கருக்கு அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பட்டறைக்காரர், வில்லியனூர்ப் பக்கம்:

எங்களை யாரும் கேட்கவில்லை. நாங்கள் அதைப் பொம்மை என்கிறோம். வேலை நடக்கும் விதத்தைச் சொல்கிறேன், பெயர் தானாக வரும். முதலில் சதுரக் குழாயைப் பற்றவைத்து எலும்புக்கூடு. அதன்மேல் தெர்மாகோல் கட்டிகளை ஒட்டி, சூடான கம்பியால் அறுத்து, உப்புத்தாள் போட்டு உருவத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகுதான் ஃபைபர், அதாவது கண்ணாடியிழைப் பூச்சு. புதிதாக வரும் பையன்கள் பாலியெஸ்டர் ரெசினை நேரே தெர்மாகோல்மேல் பூசிவிடுவார்கள். அதிலிருக்கும் ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்து, கோப்பையின் காது இருந்த இடத்தில் குழி விழுந்திருக்கும். அதனால் காகிதத்தைப் பசையில் தோய்த்து முழுக்கப் போர்த்தி, நன்றாகக் காய்ந்த பிறகு பூசுவோம். திருக்கனூர்க் காகிதக்கூழ் பொம்மைக்காரர்களுக்கு இந்தக் கைப்பழக்கம் ஏற்கெனவே உண்டு. பையனிடம் "கந்திற்பாவையைத் தூக்கு" என்றால் தூக்குவானா?

விரிவுரையாளர், பண்ருட்டி:

பொம்மை தெலுங்கு 'பொம்ம' அல்லவா? கையேட்டில் அதைப் போய் ஏற்றுவதா?

தமிழாசிரியர், மஞ்சக்குப்பம்:

இங்கே நான் குறுக்கிட்டே ஆக வேண்டும். சங்கப் பாட்டில் 'பொம்மல் ஓதி' உண்டு. ஓதி என்றால் கூந்தல். பொம்மல் என்றால் பொலிவு, மிகுதி. பொம்மெனப் பொங்குவது பொம்மல். பொங்கி நிற்பது பொம்மை என்று கொள்ளலாம். ஆனால் சொல் தமிழாகவே இருந்தாலும் அது உயிருள்ளவற்றின் உருவத்துக்கே உரியது. சோப்புக்கட்டி எப்படிப் பொம்மையாகும்?

ஆசிரியை, லாஸ்பேட்டை:

கொலுப்படியைப் பாருங்கள் ஐயா. பழக்கூடை இருக்கிறது, செட்டியார் கடையில் அரிசி மூட்டை இருக்கிறது. அவையும் கொலுப் பொம்மைகள்தாம். எந்த வீட்டிலும் அவற்றுக்கு வேறு பெயர் வைத்ததாகத் தெரியவில்லை.

கட்டடக் கலைஞர், கடலூர் புதுநகர்:

சற்றே விலகிப் போகிறேன். அமெரிக்காவின் லாங் ஐலண்டில் 1931இல் ஒரு வாத்துப் பண்ணைக்காரர் வாத்து வடிவத்திலேயே கடை கட்டினார். மரச் சட்டம், கம்பி வலை, மேலே சிமென்ட். கண்களுக்கு ஃபோர்டு டி மாடல் காரின் பின்விளக்குகள். பின்னாளில் கட்டடக் கலைஞர்கள் ராபர்ட் வெஞ்சூரியும் டெனிஸ் ஸ்காட் பிரவுனும், தன் வடிவமே விளம்பரமான கட்டடத்துக்கெல்லாம் 'வாத்து' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவர்கள் யாருடைய இலக்கணத்தையும் கேட்கவில்லை.

பொறியாளர், நெய்வேலி:

பெயர் எதுவானாலும் காற்றைப் பற்றிய அந்த வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில்தான் கரையேறியது. பொம்மை உள்ளே தெர்மாகோல், எடை குறைவு. காற்றுக்குக் காட்டும் முகமோ பெரிது. அடித்தள போல்ட்டைப் பற்றிக் கையேட்டில் அரைப்பக்கமாவது இருக்கிறதா?

மொழிபெயர்ப்பாளர், முதலியார்பேட்டை:

இருக்கிறது ஐயா, ஒரு பக்கமே இருக்கிறது. அனைவருக்கும் நன்றி. 'பெரும்பொம்மை' என்று எழுதப் போகிறேன். அத்தியாயத் தலைப்பில் மட்டும் 'விளம்பரப் பெரும்பொம்மை'. பட்டறையில் புரியும், பிரித்தாலும் இலக்கணம் நிற்கும். கையேட்டுக் கோப்பினை நாளை இரவு அனுப்பிவிடுவேன்.

விரிவுரையாளர், பண்ருட்டி:

ஒப்புகிறேன், அரைமனத்தோடு.

தமிழாசிரியர், மஞ்சக்குப்பம்:

நான் ஒப்பவில்லை. பலகையோடு ஒட்டி, முன்பாதி மட்டும் துருத்தி நிற்கும் கோப்பை பொம்மையா, புடைப்புருவமா? அதைத் தீர்க்காமல் அச்சேற்றுவது அவசரம். கந்து பற்றிய நீண்ட மடல் இன்றிரவு வரும்.