இரட்டை வள்ளத்துக்கு அணியம் ஒடுக்கமா, கொழுப்பா?

நாயாறன்:
முல்லைத்தீவில சோழகக் காத்துக்கு (தென்மேற்குப் பருவக்காத்து) ஓட, 18 அடி பைபர் வள்ளம் ரெண்டைப் பிணைச்சுப் பாய் கட்டப்போறன். அணியத்தை, அதாவது வள்ளத்தின்ரை முன்முனையை, கத்தி மாதிரி ஒடுக்கி அச்சு எடுக்கிறன். கடைசியா வந்த ஆள் ‘குப்புறக் கவுளும்’ எண்டு பயப்படுத்திப்போட்டுப் போட்டார். உண்மையே?

கொக்கிளாயான்:
உண்மைதான் தம்பி. காத்து தள்ளுறது பாயின்ரை நடு உயரத்தில, தண்ணி மறிக்கிறது கீழ. ரெண்டும் சேர்ந்து அணியத்தை அமத்தும். தாங்கிப் பிடிக்க முன்னுக்கு மிதப்பு வேணும். ஹோபி 16 எண்ட இரட்டை உடல் பாய்ப்படகு இப்பிடிக் குத்துக்கரணம் அடிக்கிறதுக்கே பேர்போனது. அணியத்தில மிதப்புக் காணாது.

நாயாறன்:
மிதப்புக் காணாட்டி அது வேற குறை, அண்ணை. கொழுத்த அணியம் முன் அலையின்ரை முதுகில இடிச்சா வேகம் விழும். பின்காத்தில ஓடேக்கை வேகம் விழுந்தா பாயில பாரம் கூடும், அப்பதான் கவுளும். இப்பத்தைப் போட்டி ஓட்டப் படகுகளில அணியம் பின்சாய்வு, மேல்தளம் உருண்டை. தாண்டாலும் தண்ணி வழிஞ்சு போகும். தட்டை மேல்தளம் எண்டா தண்ணி ஏறி இன்னும் அமத்தும்.

கொக்கிளாயான்:
அந்த ஓட்டப் படகின்ரை கதை தெரியுமோ? 2012 ஒக்டோபர், சான் பிரான்சிஸ்கோ. அமெரிக்கக் கோப்பைப் பாய்ப்படகுப் போட்டிக்கு ஒராக்கிள் அணி கட்டின 72 அடிப் படகு, பின்காத்துக்குத் திருப்பேக்கை அணியம் தாண்டு கவுண்டது. பாய் 40 மீற்றர் உயரம். வத்து நீரோட்டம் அதைக் கோல்டன் கேட் பாலத்துக்கு வெளியால இழுத்துக்கொண்டு போனது. அவைக்குத் துணைப் படகுகள் இருந்தது. உமக்கு? சோழகம் கரையில இருந்து கடலுக்கு அடிக்கிற காத்து. போகேக்கை முழுக்கப் பின்காத்து, கவுண்டா வங்காள விரிகுடாதான். கட்டுமரம் எண்டா பிரட்டிப் போட்டு ஏறலாம். இரட்டை வள்ளம் தலைகீழானா அப்பிடியே கிடக்கும்.

வட்டுவாகல் பிள்ளை:
ரெண்டு பேரும் அணியத்தை விட்டு அசையிறியள் இல்லை. தண்ணிமட்டத்தில ஒடுக்கி, மேல போகப்போக அகலிச்சா வேகமும் மிதப்பும் ரெண்டும் கிடைக்கும். பாய்மரத்தைக் கொஞ்சம் பின்னுக்கு நடுங்கோ. காத்துக் கூடினா ஆக்களும் பின்னுக்குப் போகோணும். நீளம்தான் பெரிய விசயம், 18 அடிக்கு எவ்வளவு உயரப் பாய்மரம்?

நாயாறன்:
26 அடி. மேல அகலிக்கலாம், அச்சில பலகை ஒட்டினாச் சரி. மரத்தைக் குறைக்கமாட்டன்.

கொக்கிளாயான்:
அப்ப முதல்ல நந்திக்கடல் களப்புக்குள்ள ஓடும். அங்க ஆழமில்லை. கவுண்டாலும் பாய்மரம் சேத்தில குத்தி நிண்டிடும், தலைகீழாகாது.

நாயாறன்:
மரம் முறிஞ்சா ஆர் காசு தாறது?