கணினி வேலைக்குப் பிறகு செய்ய ஒரு கைவினை: எதில் தொடங்கலாம்?

குடமுருட்டி:
அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூர் மாவட்டப் பாபநாசத்தில் வீட்டிலிருந்தபடியே மென்பொருள் வேலை பார்க்கிறேன். பகல் முழுவதும் கணினித் திரை, இரவு உணவுக்குப் பிறகு கைப்பேசி என்று பொழுது கழிவது அலுத்துவிட்டதால், செய்து முடித்ததைக் கையில் எடுத்துப் பார்க்கும்படியான ஒரு கைத்தொழிலைக் கற்க விரும்புகிறேன். தச்சு வேலையில் ஆசை உண்டு. ஆனால் கைக்குழந்தை உறங்கும் வீட்டில் சுத்தியல் சத்தம் சரிப்படாது. விற்கும் எண்ணம் இல்லை. நம் வட்டாரக் கலையாக இருந்தால் மகிழ்வேன்.

வெண்ணாறு:
தஞ்சாவூர் ஓவியம் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் படம் அச்சிட்ட பலகையோடு எல்லாவற்றையும் சேர்த்து விற்கும் பெட்டியை வாங்காதீர்கள். அதில் உங்களுக்கு மிஞ்சுவது வண்ணம் நிரப்பும் வேலைதான். பலகையில் துணியை ஒட்டி, சாக் பவுடரைப் பசையில் குழைத்துப் பூசி, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குவதில்தான் இக்கலை தொடங்குகிறது. பிறகு அதே கலவையைத் தூரிகை நுனியால் சொட்டுச் சொட்டாக வைத்து, நகைகளையும் மண்டபத் தூண்களையும் மேடாக எழுப்ப வேண்டும். அது நன்றாகக் காயும்வரை தங்கத்தாளை ஒட்ட முடியாது என்பதால், இரவுதோறும் சிறிது செய்து நிறுத்துபவருக்கு இவ்வேலை தோதானது.

அரசலாறு:
தங்கத்தாளின் விலையை நண்பர் சொல்லாமல் விட்டுவிட்டார். என்னைக் கேட்டால் நெட்டி வேலையைத்தான் சொல்வேன். நீர்நிலைகளில் வளரும் நெட்டிச் செடியின் தண்டைக் காயவைத்து மேல்தோலைச் சீவினால், தக்கை போன்ற வெள்ளை வெளேரென்ற உட்பகுதி கிடைக்கும். கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தஞ்சைப் பெரிய கோயில் மாதிரிகள் இதில் செய்யப்படுபவையே. 2020இல் இக்கலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கத்தியும் அளவுகோலும் பசையும் இருந்தால் போதும். கத்தி மட்டும் மிகக் கூர்மையாக இருக்க வேண்டும்: மழுங்கிய கத்தியால் அழுத்தினால் தண்டு நசுங்கிப் பிசிறடிக்கும், கூரிய கத்தியை அழுத்தாமல் இழுத்தால் மெல்லிய ஏடு சுருண்டு வரும். எடுத்த எடுப்பில் கோபுரத்துக்கு ஆசைப்படாமல், ஒரே அளவுள்ள சிறு துண்டுகளை நறுக்கிப் பழகுங்கள். அடுக்கும்போது அவை ஏறுக்குமாறாக இல்லாவிட்டால் பாதி வேலை கைவந்தது போலத்தான்.

மண்ணியாறு:
நெட்டியில் ஒரு வெட்டுத் தவறினால் அந்தத் துண்டு வீண். திருத்தித் திருத்திச் செய்ய விரும்பினால், உங்கள் ஊருக்கு அருகிலேயே பஞ்சலோகச் சிலைகள் வார்க்கும் சுவாமிமலை இருக்கிறது. பஞ்சலோகம் உருக்கி வார்ப்பது வீட்டில் நடக்காது. ஆனால் வார்ப்புக்கு முந்தைய மெழுகு உருவத்தைச் செய்து பழகலாம். தேன்மெழுகுடன் குங்கிலியம் என்னும் மரப்பிசினின் தூளும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கலவையை இளஞ்சூட்டில் பிசைந்து, சூடாக்கிய கருவியால் இழைப்பார்கள். பிடிக்காவிட்டால் உருக்கி மறுபடி தொடங்கலாம். தென்னையோலையை மடித்தே உருவத்தின் அளவுகளைப் பிரிக்கும் முறையை ஸ்தபதிகளிடம் நேரில் பாருங்கள். குங்கிலியம் எளிதில் தீப்பற்றும், ஆகவே குழந்தை இருக்கும் வீட்டில் காய்ச்ச வேண்டாம். காய்ச்சிய மெழுகையே பட்டறையில் கேட்டுப் பாருங்கள்.

குடமுருட்டி:
மூவருக்கும் நன்றி. அடுப்பு வேண்டாத நெட்டியிலேயே தொடங்குகிறேன். தண்டை எங்கே வாங்குவது?

அரசலாறு:
தஞ்சாவூரில் நெட்டி வேலை செய்யும் குடும்பங்களிடமே கேளுங்கள். மெலிந்த தண்டில் அகலமான ஏடு எடுக்க முடியாது. பருத்ததாகவும் வளைவில்லாததாகவும் பார்த்து வாங்குங்கள்.