தங்கையின் திருமணச் செலவும் கிரெடிட் கார்டின் செலவு இலக்கும்

தை மூன்றாம் வாரத்தில் தஞ்சாவூரில் என் தங்கையின் திருமணம் நடந்தது. அதை முன்னிட்டு ஐப்பசியிலேயே ஒரு புதிய கிரெடிட் கார்டு வாங்கியிருந்தேன். முதல் 90 நாள்களுக்குள் 1,50,000 ரூபாய் செலவழித்தால் 5,000 ரூபாய்க்குப் பரிசுக் கூப்பன் உண்டு. ஓராண்டுக்குள் 4,00,000 ரூபாயைத் தொட்டால் அடுத்த ஆண்டுக் கட்டணமான 2,500 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும் தள்ளுபடியாகும். அப்பா திருமணத்துக்கென்று சேர்த்த பணம் வங்கியில் தயாராக இருந்ததால்தான் இதில் இறங்கினேன். அந்தப் பணம் இல்லாமல் 2,00,000 ரூபாயை ஒரு மாதம் பாக்கி வைத்திருந்தால், மாதம் 3.5 சதவீதம் என்ற கணக்கில் வட்டி 7,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,260 ரூபாய் என்று கூப்பனின் மதிப்பைவிடக் கூடுதலாகவே கையை விட்டுப் போயிருக்கும்.

90 நாள் என்பது தாராளமான அவகாசம் என்று நினைத்திருந்தேன். ஆனால் மார்கழியில் முகூர்த்தப் புடவை எடுக்கக் கூடாது, சீர்வரிசைச் சாமான்களும் வாங்கக் கூடாது என்று அம்மா உறுதியாகச் சொல்லிவிட்டார். அவருடைய மனத்தை வருத்தி ஒரு கூப்பனைப் பெறுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆகவே 90 நாளில் ஏறத்தாழ 30 நாள் கணக்கிலேயே வராமல் போயிற்று. கார்த்திகை முடிவதற்குள் காஞ்சிபுரம் சென்று, கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் முகூர்த்தப் புடவையும் உறவினர்களுக்கான பட்டும் சேர்த்து 92,000 ரூபாய்க்கு எடுத்தோம். அங்கே கார்டுக்குத் தனிக் கட்டணம் எதுவும் கேட்கவில்லை.

மண்டபத்தில் வழக்கம் வேறு. மின்சாரம், ஜெனரேட்டர் டீசல், துப்புரவுக் கூலி எல்லாவற்றையும் கூட்டி, திருமணம் முடிந்த பிறகே மீதிப் பணத்தை வாங்குவார்கள். அப்படி விட்டிருந்தால் 90 நாள் கடந்துவிடக்கூடும் என்பதால், வாடகைப் பாக்கியான 80,000 ரூபாயை மட்டும் முன்கூட்டியே கார்டில் செலுத்திக்கொள்கிறேன், மற்றவற்றைப் பிறகு தருகிறேன் என்று மேலாளரிடம் கேட்டேன். அவர் மகிழ்ச்சியோடு சம்மதித்தார். இவ்விரண்டிலேயே 1,72,000 ரூபாய் ஆகி, முதல் இலக்கு நிறைவேறியது.

நான் தடுமாறிய இடம் சமையல் காண்ட்ராக்ட். அதற்கான தொகை 2,60,000 ரூபாய். அதையும் கார்டில் கொடுத்திருந்தால் 4,00,000 ரூபாய் இலக்கு ஒரே நாளில் முடிந்திருக்கும். ஆனால் கார்டு என்றால் 2 சதவீதம் கூடுதலாக, அதாவது 5,200 ரூபாய் ஆகும் என்றார் சமையல்காரர். கட்டண விலக்கால் எனக்கு மிஞ்சுவது ஜிஎஸ்டி உட்பட 2,950 ரூபாய்தான். ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்துச் செலுத்தலாமா என்று பார்த்தேன். அவர் வைத்திருந்தது வணிகருக்கான க்யூஆர் அல்ல, தனிநபர் கணக்குக்கு உரியது என்பதால் அந்த வழியும் அடைபட்டது. முழுத் தொகையையும் வங்கிக் கணக்கிலிருந்தே அனுப்பிவிட்டேன்.

நகையைப் பொறுத்தவரை, அப்பா 11 மாதம் கட்டியிருந்த நகைச் சீட்டு முதிர்ந்திருந்தது. எஞ்சிய தொகையை வங்கி மூலம் அனுப்பினால் சேதாரத்தில் குறைத்துத் தருவதாகவும், கார்டு என்றால் அந்தக் குறைப்பு இல்லை என்றும் கடையில் சொன்னார்கள். யோசிக்க அதில் ஒன்றுமே இல்லை.

* * *

தஞ்சாவூர்த் தம்பியின் பதிவைப் படித்ததும் என் அனுபவத்தையும் எழுதத் தோன்றியது. நான் மதுரையைச் சேர்ந்தவன். மூத்த மகளின் திருமணத்துக்கு மண்டப வாடகை 1,80,000 ரூபாயை முழுமையாகக் கார்டில் செலுத்தினேன். இலக்கை எட்டியதாகக் குறுஞ்செய்தியும் வந்தது. இரண்டு வாரத்தில் மாப்பிள்ளை வீட்டில் பாட்டி காலமாகிவிட்டதால் திருமணத்தைத் தள்ளிவைத்தோம். மண்டபத்தார் 20,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியை அதே கார்டுக்குத் திருப்பினார்கள். உடனே அந்த 1,60,000 ரூபாய் செலவுக் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டது, செலவுக்காக ஏற்கெனவே வரவு வைத்த வெகுமதிப் புள்ளிகளும் திரும்பப் பெறப்பட்டன. விதிப்படி அது சரிதான் என்றாலும், துக்க வீட்டுக்குப் போய் வந்த களைப்பில் அந்தச் செய்தியைப் படித்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

மொய்ப் பணம் வந்ததும் கார்டு பில்லைக் கட்டிவிடலாம் என்று எங்கள் பக்கத்தில் பலரும் கணக்குப் போடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மொய் என்பது நோட்டில் எழுதி வைத்து நாம் திருப்பிச் செய்ய வேண்டிய பணம். எவ்வளவு வரும் என்பது முகூர்த்தம் முடியும்வரை யாருக்கும் தெரியாது. பில்லின் கடைசி நாளோ அதற்கெல்லாம் காத்திருக்காது. மேலும், ஒரு நிதியாண்டில் 1,00,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கார்டு பில்லுக்குச் செலுத்தினால், வங்கி அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கும். வங்கி வழியாகச் செலுத்தும்போது அந்த வரம்பு 10,00,000 ரூபாய். உறவினர்களின் செலவையெல்லாம் என் கார்டில் போட்டுப் பின்னர் வாங்கிக்கொண்டதால் அந்த ஆண்டில் நான் அந்த வரம்பைத் தாண்டிவிட்டேன். யாருக்காக எவ்வளவு என்று எழுதி வைத்திருந்தது பிறகு பெரிதும் உதவியது.

இளைய மகளுக்கு வைகாசியில் முகூர்த்தம் குறித்திருக்கிறோம். அந்த 90 நாளை எந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள் என்று தம்பி சொன்னால் நன்றாக இருக்கும்.

* * *

உங்கள் இருவரின் பதிவுகளையும் படித்தேன். கோயம்புத்தூரில் என் சொந்தத் திருமணத்துக்கு நானே செலவு செய்தேன். அம்மாவுக்கு என் கணக்கில் ஒரு துணைக் கார்டு வாங்கிக் கொடுத்தேன். அவர் வாங்கிய பாத்திரமும் மளிகையும் என் இலக்கிலேயே சேர்ந்தன. ஆனால் கார்டு வரம்பில் பெரும்பகுதியை ஒரே மாதத்தில் பயன்படுத்தியதால் கடன் தருவோர் பார்க்கும் என் சிபில் மதிப்பெண் இறங்கியது, அதுவும் நானும் என் வாழ்க்கைத்துணையும் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்திருந்த நேரத்தில். 2025 ஜனவரி முதல் 15 நாளுக்கு ஒரு முறை வங்கிகள் இந்த விவரங்களைச் சிபில் போன்ற நிறுவனங்களுக்கு அனுப்பிவந்ததால், பில் போடும் தேதிக்கு முன்னரே பெரும்பகுதியைக் கட்டிவிட்டேன். அடுத்தடுத்த வாரங்களில் மதிப்பெண் பழைய நிலைக்கு வந்தது.

* * *

மதுரை ஐயா, தஞ்சாவூர்த் தம்பிதான் எழுதுகிறேன். என் கார்டில் 90 நாளை வங்கி ஒப்புதல் அளித்த தேதியிலிருந்தே எண்ணினார்கள். கார்டு கைக்கு வந்தது அதற்கு 9 நாள் கழித்து. வங்கிக்கு வங்கி இது மாறக்கூடும் என்பதால், விண்ணப்பிப்பதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு எழுத்துப்பூர்வமாகப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். மண்டபத்தாரிடம் பணத்தைத் திருப்பித் தரும் விதிமுறையையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.