மருந்தடிக்கப் போகும் முன் கீழாநெல்லி குடித்தால் விஷம் ஏறாதா?

கேள்வி: அந்தியூர் மருமகள்

எல்லாருக்கும் வணக்கமுங்க. அந்தியூர்ப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் தோட்டம். பாதி மஞ்சள், பாதி பருத்தி. பருத்திக்கு மருந்தடிக்கிற நாளென்றால் அத்தை விடிவதற்குள் வாய்க்கால் ஓரம் போய்க் கீழாநெல்லி பிடுங்கி வந்துவிடுவார். இலைக்கு அடியில் வரிசையாகக் காய் இருக்கிறதா என்று ஒவ்வொரு செடியையும் திருப்பிப் பார்த்துத்தான் எடுப்பார். வேரோடு அலசி, அம்மியில் வெண்ணெய் மாதிரி அரைத்து, ஒரு உருண்டையை மோரில் கரைத்து என் வீட்டுக்காரருக்குக் கொடுப்பார். "இதைக் குடிச்சுட்டுப் போனா மருந்து உடம்புல ஏறாது" என்பார். அவருடைய மாமியாரும் அப்படித்தான் கொடுத்தாராம்.

அதை நம்பி இவர் கையுறை போடுவதில்லை, முகத்துக்குத் துண்டு கட்டுவதில்லை. போன வாரம் புரோஃபெனோபாஸ் அடித்துவிட்டு வந்தபோது சட்டையின் முதுகு முழுக்க நனைந்திருந்தது. வேர்வை என்றார். கையில் வாங்கினால் மருந்து வாடை. டேங்க் மூடி கசிந்திருக்கிறது. ராத்திரி தலைவலி, கண் மங்கல், வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. அத்தை இன்னொரு டம்ளர் கரைத்துக் கொடுத்தார். காலையில் தெளிந்துவிட்டார்.

தெளிந்தது மோராலா, தானாகவா? அத்தை மனசு நோகாமல் நான் என்ன சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: கோவை, மருந்தியல் ஆய்வகம்

சகோதரி, உங்கள் அத்தை செய்வதைத்தான் நாங்கள் ஆய்வகத்தில் எலிகளுக்குச் செய்கிறோம். சில நாள் முன்கூட்டியே செடிச்சாறு கொடுத்துவிட்டு, கடைசியில் ஈரலைக் கெடுக்கிற கார்பன் டெட்ராகுளோரைடு என்ற ரசாயனத்தைக் கொடுப்போம். ஈரல் அதை உடைக்கும்போது பிறக்கிற துண்டு மூலக்கூறு, செல்லைச் சுற்றியுள்ள கொழுப்புப் படலத்தை அரித்துவிடும். ஈரல் கெட்டதைக் காட்டுகிற எஸ்.ஜி.பி.டி. அளவு ரத்தத்தில் பல மடங்கு ஏறும். கீழாநெல்லி குடித்த எலிக்கு அந்த ஏற்றம் குறைவு. பில்லாந்தின், ஹைப்போபில்லாந்தின் என்ற இரண்டு பொருள்கள் அதற்குக் காரணம் என்று 1980-களிலேயே காட்டியிருக்கிறார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். விஷம் மட்டும் போன ஈரலில் நடுச்சிரையைச் சுற்றியுள்ள செல்கள் வெளுத்து, கொழுப்புத் துளிகள் நிறைந்து கிடக்கும். செடிச்சாறு குடித்ததில் செல் வரிசை பெரிதாகக் கலைந்திருக்காது. முதல் தடவை அதைப் பார்த்தபோது எங்கள் அப்பத்தா நினைவுதான் வந்தது.

ஆனால் உங்கள் பருத்தி மருந்து வேறு இடத்தில் அடிக்கிறது. நரம்பு தசைக்குச் சேதி சொல்ல அசிட்டைல்கோலின் என்ற பொருளை விடும். சேதி போனதும் அதை வெட்டி அகற்ற ஒரு நொதி உண்டு. புரோஃபெனோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் அந்த நொதியில் ஒட்டிக்கொண்டு அதை முடக்கிவிடும். சேதி நிற்காமல் போய்க்கொண்டே இருப்பதால்தான் எச்சில், வேர்வை, கண் மங்கல் எல்லாம். முடங்கிய நொதியைக் கீழாநெல்லி விடுவிக்காது. மஞ்சளும் அப்படித்தான்.

மஞ்சளைப் பற்றி ஒன்று. மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தால் மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற பொருள் 2 கிராம் ரத்தத்தில் சேர்வது சுமார் 20 மடங்கு கூடுகிறது என்று 1998-ல் பெங்களூரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதை வைத்துத்தான் இன்று மாத்திரைகள் விற்கிறார்கள். அப்படிச் செறிவாக விழுங்கியவர்களில் சிலருக்கு ஈரலே கெட்டதும் பதிவாகியிருக்கிறது. குழம்பில் போடுகிற மஞ்சளுக்கு அந்தப் பயம் வேண்டாம்.

பதில்: பவானி, ஓய்வுபெற்ற நர்ஸ்

அம்மணி, எச்சில் ஊறியது, கண் மங்கியது என்று படித்ததும் எனக்குப் பகீரென்றது. அது விஷம் ஏறிய அடையாளம். அன்றைக்கு உள்ளே போனது கொஞ்சமாக இருந்ததால் தப்பித்திருக்கிறார், அவ்வளவுதான். கண்பாப்பாவைப் பார்த்திருந்தால் கடுகு மாதிரி சுருங்கியிருக்கும்.

இந்த விஷத்துக்கு நிஜமாகவே உயிர் காக்கிற செடிப் பொருள் ஒன்று உண்டு. அட்ரோபின். ஐரோப்பாவில் பெல்லடோனா என்ற செடியிலிருந்து பிரித்தெடுத்தது. எங்கள் வார்டில் ஒரு ஆம்பூலில், அதாவது சின்னக் கண்ணாடி ஊசிமருந்துக் குப்பியில், 0.6 மில்லிகிராம்தான் இருக்கும். மோசமாக வருகிறவருக்கு நெஞ்சின் களகளப்பு அடங்கும்வரை ஐந்து நிமிடத்துக்கொருமுறை அளவைக் கூட்டிக் கூட்டி ஏற்றுவோம். ஒரு ராத்திரியில் தட்டு நிறைய உடைந்த கண்ணாடிக் கழுத்துகள் குவிந்துவிடும். என் கட்டைவிரலில் இன்றும் அதன் வெட்டுத் தழும்பு இருக்கிறது.

ஊமத்தையிலும் அட்ரோபின் இருக்கிறதே என்று யாரும் அதை அரைத்துவிடாதீர்கள், சாமி. எந்த இலையில் எவ்வளவு என்று தெரியாது. அதுவே ஆளைக் கொன்றுவிடும்.

நனைந்த சட்டையை அந்த இடத்திலேயே கழற்ற வேண்டும். வீடு வந்து சேரும்வரை போட்டிருந்தால் அவ்வளவு நேரமும் தோல் வழியே ஏறும். சோப்புப் போட்டு முதுகு, அக்குள், தலை எல்லாம் தேய்த்துக் குளிக்க வேண்டும். மறுபடி எச்சில் ஊறினால் 108-ஐக் கூப்பிடுங்கள். மருந்து டப்பாவைக் கையோடு கொண்டு போங்கள், பெயரைப் பார்த்ததும் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். அப்புறம், மருந்து முடக்குகிற அந்த நொதி, கோலினெஸ்டரேஸ், ரத்தத்தில் எவ்வளவு என்று பார்க்கிற பரிசோதனை உண்டு, இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

பதில்: தாராபுரம் விவசாயி

மாவுப்பூச்சிக்கா அடிக்கிறீர்கள்? 2008-ல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தபோது நாங்களும் வாரம் ஒன்று அடித்தோம், அடங்கவில்லை. 2010-ல் அசெரோபேகஸ் என்ற சின்னக் குளவியைக் கொண்டு வந்து விட்ட பிறகுதான் அடங்கியது. எந்தப் பூச்சி என்று வேளாண்மை அலுவலரிடம் காட்டிவிட்டு அடியுங்கள்.

அந்தியூர் மருமகள்

ரொம்ப நன்றிங்க. ஆய்வக அண்ணன் எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். எலிக்கும் கீழாநெல்லிதான் என்றதும் சந்தோஷம் அவருக்கு. நரம்பு விஷயம் வந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எங்க மாமியார் காலத்துல இந்த மருந்தே இல்லையே கண்ணு" என்றார்.

நேற்று இவரை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன், முடிவு நாளை வரும். டேங்க் மூடிக்குப் புது வாஷர் போட்டாயிற்று. அத்தை இன்றும் மோர் கரைத்தார். கூடவே கிணற்றடித் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, சோப்பையும் மாற்று வேட்டியையும் கல் மேல் வைத்துவிட்டு வந்தார்.