மலை மேல் ஒரு நீர்பாய்ச்சி

சிம்லாவில் இருக்கும் இந்திய உயராய்வு நிறுவனத்தில் 2009-ல் ஒரு வருஷம் தங்கி ஆய்வு செய்தேன். "வைசிராய் மாளிகையில் உட்கார்ந்து படித்தீர்களாமே!" என்று இன்னும் கேட்கிறார்கள். ஆமாம், 1888-ல் டஃபரின் பிரபு குடியேறிய அதே மாளிகைதான். அவர்கள் நடனமாடிய கூடத்தில் இப்போது புத்தக அலமாரிகள். அதை வடிவமைத்த ஹென்றி இர்வின்தான் நம் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்து விக்டோரியா நினைவு மண்டபத்தையும் வடிவமைத்தவர். அதனால் முதல் நாளே சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவன் மாதிரி ஒரு அசட்டுத் தைரியம். டிசம்பரில் அது போய்விட்டது. தேங்காய் எண்ணெயை ஹீட்டர் பக்கத்தில் வைத்து உருக்கித்தான் தலைக்குத் தேய்க்க முடிந்தது.

என் ஆய்வு சோழர் கால ஏரிப் பராமரிப்பு. உத்திரமேரூரின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரி வாரியத்துக்கு ஆள் எடுக்கும் குடவோலை முறை அத்தனை விரிவாக இருக்கிறது. மடை திறந்தவன் யார், அவனுக்கு என்ன கூலி? அதைப் பற்றி மூச்சே இல்லை. நான் சிவகங்கைப் பக்கத்துக்காரன், என் தாய்மாமா ஊர்க் கண்மாயின் நீர்பாய்ச்சி, அதாவது மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடுபவர். இந்த மௌனம் எனக்குக் கொஞ்சம் சொந்த விஷயம்.

மாளிகைத் தோட்டத்தில் காங்கடாக்காரர் ஒருவர் வேலை பார்த்தார், அறுபதை நெருங்கும் வயது. காலையில் அவரோடு டீ குடிப்பேன். என் இந்திக்கு அவர் பல நாள் சிரித்திருக்கிறார். ஒரு நாள் கையில் இருந்த களைக்கொத்தால் மலையின் இரண்டு சரிவையும் காட்டினார். "இந்தப் பக்கம் விழும் மழை சட்லெஜில் சேர்ந்து மேற்கே போகும், ப்ரொபசர் சாப். அந்தப் பக்கத்துத் தண்ணீர் யமுனை, கங்கை என்று உங்கள் கடலுக்கு வரும்." வங்காள விரிகுடாவை அவர் எனக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்!

தண்ணீர் என்று தொடங்கியதும் அவர் ஊர்க் கதை வந்தது. ஓடையை மறித்து வயலுக்குத் திருப்பும் வாய்க்காலை அங்கே கூல் என்கிறார்கள். யாருக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைப்பவர் கோஹ்லி. அவருடைய அப்பா கோஹ்லியாம். கூலி? அறுவடையில் வீட்டுக்கு இவ்வளவு தானியம். எனக்குச் சிலிர்த்துவிட்டது. மாமாவும் களத்தில் நெல்லாகத்தான் வாங்குவார். அந்தப் பங்குக்கு எங்கள் பக்கம் சுதந்திரம் என்று பெயர். அந்தச் சொல்லை இந்தியில் விளக்க நான் பட்ட பாடு தனிக்கதை. "ஆகஸ்ட் பதினைந்தா?" என்று கேட்டார் மனுஷன்.

மத்தியானம் வரை மண்ணில் கோடு கிழித்து மடை, கால், பிரிவு என்று காட்டிக்கொண்டே இருந்தார். அடுத்த மாதக் கருத்தரங்கில் என் கட்டுரையின் பாதி அந்தக் கோடுகள்தான். கடைசி வரிசையில் அவரை உட்காரச் சொன்னேன். வரவில்லை, அன்றைக்கு ரோஜாவுக்குக் கவாத்து வெட்டும் வேலை.

கிளம்பும் அன்று ஒரு துணி முடிச்சில் அவர் வீட்டு ராஜ்மா விதை கொடுத்தார். ஊரில் மாமா வீட்டுக் கொல்லையில் போட்டேன். கொடி ஓடியது, பூவும் வந்தது. காய்தான் பிடிக்கவில்லை. போனில் சொன்னபோது, "அந்த வெயிலில் நீங்களே எப்படிப் பிழைக்கிறீர்கள்?" என்றார்.